அந்தப் பஸ்ஸில் நாம் எங்கே உட்கார்ந்திருப்போம்?

நியூஜெர்சியில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருந்தார். ஆறு வயது மகள், மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறைக்கு முந்தின வாரம் பள்ளியில், அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பஸ்ஸில் பின்னால் உட்கார வைத்த காலத்துக் கதையைக் கேட்டுவிட்டு வந்து, ராத்திரி தோசை சாப்பிடும்போது, “அம்மா, நாம அந்த பஸ்ல இருந்திருந்தா முன்னாடி உட்காருவோமா, பின்னாடி உட்காருவோமா?” என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இவ்வளவு சின்னக் குழந்தையிடம் இதையெல்லாம் பேசலாமா, பேசினால் எதைச் சொல்வது, எதை இப்போதைக்கு விடுவது என்கிறார்.

பேசலாம். அவளே கேட்டுவிட்டாள், இனி பேசாமல் இருந்தால் அவளாக ஒரு பதிலைக் கற்பனை செய்துகொள்வாள். முதலில் ஒரு ஆறுதல்: பதில் சொல்ல வராமல் திணறியது நீங்கள் மட்டும் இல்லை. 1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதத்தில், டிவி விளம்பரத்தில் வந்த, கறுப்பினக் குழந்தைகளை விடாத கேளிக்கைப் பூங்காவுக்குத் தன் ஆறு வயது மகள் ஏன் போகக் கூடாது என்று அவளுக்கு விளக்க முயலும்போது நாக்கு குழறிப்போவதைப் பற்றி எழுதுகிறார். நாட்டையே உலுக்கிய பேச்சாளருக்கே வீட்டில் அந்தக் கேள்விக்கு வார்த்தை வரவில்லை.

நான் இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் பதினான்கு வருடமாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள் எடுக்கிறேன், வார இறுதியில் தமிழ்ப் பள்ளியும் உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தப் பாடம் வரும். ஆரம்பத்தில் நானும் எல்லாரும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்: ரோசா பார்க்ஸ் என்று ஒரு தையல்காரப் பெண், வேலை முடிந்து களைத்துப்போய் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்திருக்கவில்லை, கைது செய்தார்கள், அப்புறம் கிங் வந்தார், பெரிய கூட்டத்தில் தன் கனவைச் சொன்னார், எல்லாம் சரியாகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் கையைத் தூக்கி, “அந்த ஆன்ட்டி டயர்டா இல்லேன்னா எழுந்திருச்சிருப்பாங்களா?” என்றான். அன்றைக்கு எனக்கு உறைத்தது. நான் சொன்ன கதைப்படி அவன் கேட்டது நியாயமான கேள்வி. கதையில் நியாய அநியாயமே இல்லை, கால்வலிதான் இருந்தது.

ரோசா பார்க்ஸே பின்னாளில் இதைத் திருத்திச் சொல்லியிருக்கிறார்: உடம்பு அசதி இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துதான் அலுத்துப்போயிருந்தது என்று. கைதான 1955 டிசம்பர் 1ஆம் தேதி அவருக்கு வயது 42, கிழவி ஒன்றும் இல்லை. என்ஏஏசிபி என்ற கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் கிளையில், அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில், 1943இலிருந்தே செயலாளராக வேலை பார்த்தவர். அந்தக் கோடையில்தான் போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பள்ளிக்குப் போய்வந்திருந்தார். அதாவது அவர் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தவர். இதைக் குழந்தையிடம் சொல்ல முடியுமா? தாராளமாக. “ரொம்ப நாளா இதைப் பத்தி யோசிச்சு, கூட்டம் போட்டுப் பேசி, கத்துக்கிட்டு வந்தவங்க” என்றால் ஆறு வயதுக்குப் புரியும்.

இனி அந்தப் பஸ். என் அனுபவத்தில் இந்தப் பாடத்திலேயே அதிகம் வேலை செய்கிற விஷயம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாளில் 36 கட்டம் போடுங்கள், அதுதான் அந்தப் பஸ்ஸின் இருக்கைகள். முன்னால் 10 இருக்கை வெள்ளையர்களுக்கு மட்டும். பஸ் முழுக்கக் கறுப்பின மக்கள் நின்றுகொண்டு வந்தாலும், அந்தப் பத்தும் காலியாகவே இருந்தாலும், அதில் உட்காரக் கூடாது. பின்னால் 10 இருக்கை கறுப்பினத்தவருக்கு. நடுவில் இருக்கும் 16 இருக்கையில்தான் எல்லாச் சிக்கலும். அதில் கறுப்பினத்தவர் உட்காரலாம், ஆனால் வெள்ளையர் யாராவது நிற்க நேர்ந்தால் எழுந்துவிட வேண்டும். ரோசா பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது இந்த நடுப்பகுதியின் முதல் வரிசையில், வெள்ளையர் இருக்கையில் இல்லை. பள்ளிகளிலேயே இதைத் தப்பாகச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் அவரோடு சேர்த்து நாலு பேர். ஒரே ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் நாலு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார்.

இங்கே நிறுத்துங்கள். குழந்தை கட்டாயம் கேட்பாள், “ஒருத்தருக்கு எதுக்கு நாலு பேர் எழுந்திருக்கணும்?” ஏனென்றால் ஒரே வரிசையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் உட்காரக் கூடாது என்பது வழக்கம். நாலு இருக்கையையும் காலி செய்தால்தான் அவர் ஒருவர் உட்கார முடியும். இந்த ஒரு கணக்கு போதும். நீங்கள் “பாகுபாடு”, “இனவெறி” என்று எந்தப் பெரிய வார்த்தையும் சொல்லத் தேவையில்லை, அது இடப் பற்றாக்குறைப் பிரச்சினை இல்லை, இவர்கள் பக்கத்தில் உட்காருவதே இழுக்கு என்று நினைத்த ஒரு ஏற்பாடு என்பது அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே தெரியும். மூன்று பேர் எழுந்தார்கள், ரோசா எழவில்லை.

டிரைவரையும் வரையச் சொல்லுங்கள். குழந்தைகள் பெரும்பாலும் அவரை விட்டுவிடுவார்கள். மாண்ட்கோமரியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பார்க்கும் விஷயத்தில் பஸ் டிரைவருக்குப் போலீஸ்காரரின் அதிகாரத்தை நகரச் சட்டமே கொடுத்திருந்தது. நாம் கதை சொல்லும்போது “அந்தக் காலத்தில் அப்படி ஒரு விதி இருந்தது” என்று, மழை பெய்தது என்பது போலச் சொல்லிவிடுகிறோம். விதி தானாக வராது. சில பேர் உட்கார்ந்து எழுதினார்கள், சில பேர் அதைக் காவல் காத்தார்கள், நிறையப் பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். யார் செய்தார்கள் என்று சொல்லாமல் விட்டால் குழந்தை அந்த வெற்றிடத்தைத் தானே நிரப்பும். பின்னால் உட்கார்ந்தவர்கள் ஏதோ தப்பு செய்திருப்பார்கள், அதனால்தான் தண்டனை என்று நினைத்துக்கொள்ளும். ஒரு வருடம் என் வகுப்பில் ஒரு சிறுமி அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள்.

அடுத்தது, கைதானது கதையின் ஆரம்பம்தான். அந்த ராத்திரி என்ன நடந்தது என்பதை நான் ரசித்துச் சொல்வேன். ஜோ ஆன் ராபின்சன் என்று ஒரு கல்லூரி ஆசிரியை. பஸ்களைப் புறக்கணிக்க நேரிடும் என்று அவரும் அவருடைய பெண்கள் அமைப்பும் 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். ரோசா கைதான செய்தி கிடைத்ததும் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் கல்லூரிக்குப் போய், உடன் வேலை பார்த்த ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, ‘திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏறாதீர்கள்’ என்று பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருளை அச்சு இயந்திரத்தில் ஓட்டினார். ஒரு தாளில் மூன்று அறிக்கை, பிறகு அதை வெட்ட வேண்டும். விடிந்ததும் காரில் எடுத்துப்போய் ஊர் முழுக்க இறக்கினார்கள். பள்ளிக்கூடங்களிலும் கட்டுக்கட்டாகப் போட்டார்கள், பிள்ளைகளும் வாங்கிக்கொண்டுபோய்ப் பரப்பினார்கள்.

திங்கட்கிழமை டிசம்பர் 5, பஸ்கள் ஏறக்குறையக் காலி. அதிலிருந்து 381 நாள் அப்படியே. “381 நாள்” என்றால் ஆறு வயதுக்கு ஒன்றும் புரியாது. “உன் போன பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாள் வரைக்கும், அதுக்கு மேல இன்னும் ரெண்டு வாரம்” என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும். அத்தனை நாளும் எப்படி வேலைக்குப் போனார்கள்? நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டார்கள், முந்நூறு கார் வரைக்கும் அதில் ஓடின. பெட்ரோலுக்குப் பணம்? இங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருவார், என் பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த ஆள். சமையல்காரர். பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி சாண்ட்விச், கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை என்று செய்து சலூன்களிலும் சலவைக் கடைகளிலும் விற்று, வந்த பணத்தைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் கொடுப்பார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போய்விடும், அதனால் தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராத சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை! இந்த இடத்தில் வகுப்பே சிரிக்கும். கில்மோருக்கு வேலை போகத்தான் செய்தது, அப்புறம் தன் வீட்டுச் சமையலறையிலேயே சமைத்து விற்றார்.

நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கிங்கை மட்டும் சொன்னால் குழந்தைக்கு அது ஒரு சூப்பர் ஹீரோ கதை, அடுத்த ஹீரோ வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவருக்கு அப்போது வயது 26, ஊருக்கு வந்து அதிக காலம் ஆகாத பாதிரியார். அவர் பேசினார், வழிநடத்தினார், உண்மை. ஆனால் தாள் வெட்டியது, கிழங்கு வேகவைத்தது, கார் ஓட்டியது, மழையில் நடந்தது எல்லாம் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள். குழந்தைகளுக்கு வேலை என்பது நன்றாகப் புரியும். “அந்த ஊர்ல நீ இருந்திருந்தா என்ன வேலை எடுத்திருப்பே?” என்று கேளுங்கள். தாள் வெட்டுவேன் என்று ஒருத்தி சொல்வாள், கேக்குக்கு மாவு கலக்குவேன் என்பான் இன்னொருவன்.

கிளாடெட் கால்வினையும் விட வேண்டாம். ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2ஆம் தேதி, அதே ஊரில் எழுந்திருக்க மறுத்துக் கைதான 15 வயதுப் பள்ளி மாணவி. பஸ் விதியை நீதிமன்றம் தூக்கியெறிந்த வழக்கைத் தொடுத்த பெண்களில் அவரும் ஒருவர். அந்த வழக்கில் ரோசா பார்க்ஸின் பெயரே கிடையாது.

சரி, இப்போது எல்லாப் பெற்றோரும் பயப்படும் கேள்வி வரும்: “அப்போ நானும் ரூல்ஸை மீறலாமா?” இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். நான் சொல்வது இப்படி: பல் தேய்க்கணும், ரோட்டில் ஓடக் கூடாது என்பதெல்லாம் உன்னைப் பார்த்துக்கொள்வதற்கான விதிகள், எல்லாருக்கும் ஒரே மாதிரி. பஸ் விதி அப்படி இல்லை, ஒரு கூட்டத்தாரைக் கீழே வைப்பதற்கென்றே போட்டது. பிடிக்காத விதியை மாற்றப் பெரியவர்கள் ஓட்டுப் போடுவார்கள், ஆனால் அந்த ஊரில் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரை ஓட்டுப் போடவே விடவில்லை. அப்புறமும் அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, ஒளிந்துகொள்ளவும் இல்லை. போலீஸ் வரும் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம், இரண்டு மூன்று நாளில் துண்டு துண்டாகச் சொல்லலாம்.

ரூபி பிரிட்ஜஸ் கதை ஆறு வயதுக்கென்றே அமைந்தது, அவருக்கும் அப்போது அதே வயது. 1960 நவம்பர் 14, நியூ ஆர்லியன்ஸ். அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்கு மார்ஷல்கள் என்ற நாலு மத்திய அரசுக் காவல் அதிகாரிகள் நடுவில் நடந்து போகிறாள். வெளியே கூட்டம் கத்துகிறது. ரூபிக்கு அது அந்த ஊர் மார்டி கிரா திருவிழாக் கூட்டம் போலத் தோன்றியிருக்கிறது. வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, அந்த வருடம் வகுப்பறையில் ரூபியும் ஆசிரியை பார்பரா ஹென்றியும் மட்டும்தான். மத்தியானம் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் சாண்ட்விச்சை அலமாரியில் ஒளித்து வைத்தாள், பாலைப் பசை டப்பாவில் ஊற்றினாள், எலி வந்த பிறகுதான் பெரியவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அதன் பிறகு ஆசிரியை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். லஞ்ச் பாக்ஸில் பாதியை மிச்சம் கொண்டுவருகிற எந்தக் குழந்தைக்கும் இது நெஞ்சில் போய்த் தைக்கும். இன்னொன்று, எட்டு வயதுக்கு மேல் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். “சேர்ந்து படிக்க விடமாட்டோம்” என்று கூட்டம் கத்திய கோஷத்துக்கு எதுகை நன்றாக இருந்ததால், அர்த்தம் தெரியாமல் ரூபி அதையே சொல்லிச் சொல்லித் தன் தோழியோடு கயிறு குதித்தாள். இதை வாசிக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

ரூபி பிறந்தது 1954. “உன் பாட்டி வயசு” என்று சொல்லுங்கள். படங்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பதால் குழந்தைகள் இதை ராஜா ராணி காலத்துக் கதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டியின் பள்ளிப் படம் ஒன்று இருந்தால் பக்கத்தில் வையுங்கள்.

எதை விடுவது? ஏழு வயது வரை கொலைகளைச் சொல்ல வேண்டாம். 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நாலு சிறுமிகள் இறந்தது, கிங் 1968இல் மெம்ஃபிஸில் சுடப்பட்டது, இவை காத்திருக்கலாம். ஆனால் கிங் எப்படி இறந்தார் என்று அவளே கேட்டால் பொய் சொல்லாதீர்கள். “அவர் சொன்னது பிடிக்காத ஒருத்தர் அவரைச் சுட்டுட்டார், அவரோட வேலையை மத்தவங்க விடாம செஞ்சாங்க” என்று இரண்டு வரியில் சொல்லி, அணைத்துக்கொண்டு, அவள் மேலே கேட்கிற அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பர்மிங்ஹாமில் 1963 மே மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போய்க் கைதானதை எட்டு, ஒன்பது வயதில் சொல்லலாம். அவர்களில் ஆட்ரி ஃபே ஹென்ட்ரிக்ஸ் என்ற ஒன்பது வயதுச் சிறுமி ஒரு வாரம் சிறையில் இருந்தாள். நாய்களை ஏவிய படங்களையும் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியடித்த படங்களையும் அப்போதும் காட்ட நான் அவசரப்பட மாட்டேன். ஒருமுறை பார்த்தால் ராத்திரி தூக்கத்தில் வரும்.

ஒன்றை மட்டும் எந்த வயதிலும் செய்யாதீர்கள்: நாற்காலிகளை வரிசையாகப் போட்டு “நீ கறுப்பு, நீ வெள்ளை” என்று பஸ் நாடகம் ஆடுவது. 1968இல் கிங் கொல்லப்பட்ட மறுநாள் ஜேன் எலியட் என்ற அயோவா ஆசிரியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து நடத்திய பயிற்சி மிகப் பிரபலம், அதைப் பார்த்து இன்றைக்கும் சிலர் செய்கிறார்கள். ஆறு வயதுக்கு நடிப்புக்கும் நிஜத்துக்கும் நடுவில் கோடு மெல்லியது. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினக் குழந்தை இருந்தால் அது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தாளில் கட்டம் போட்டால் போதும்.

இன்னொரு விஷயம், நம் வீட்டுக்குள். “வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே” என்று பாட்டி வீடியோ காலில் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் உங்கள் மகள் இந்தக் கதையையும் கேட்கிறாள். நம் ஆட்கள் கறுப்பினத்தவரைப் பற்றித் தமிழில், அவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில், பேசுகிற வார்த்தைகளும் அவள் காதில் விழுகின்றன. இரண்டில் எது உண்மை என்று குழந்தை வீட்டுப் பேச்சை வைத்துத்தான் முடிவு செய்யும். பாட்டியிடம் நீங்கள்தான் பேச வேண்டும். “நம்ம ஊர்லயும் இப்படி இருந்துச்சா?” என்று கேட்டால் இருந்தது, இன்னும் இருக்கிறது என்றே சொல்லுங்கள். 1959இல் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில், தலித் பிள்ளைகள் முன்னால், தலைமையாசிரியர் அவரை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர்’ என்று அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்டதாகவும், பிறகு யோசித்து ஆமாம், நான் அதுதான் என்று உணர்ந்ததாகவும் கிங்கே சொல்லியிருக்கிறார்.

இப்போது மகளின் கேள்வி. நேர்மையான பதில், டிரைவர் நம்மைப் பார்த்து என்ன நினைக்கிறாரோ அதைப் பொறுத்தது. 1955 ஆகஸ்டில் ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தாவையே வெள்ளையர் பகுதியிலிருந்து எழுந்து வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள், பின்னால் அரசு மன்னிப்புக் கேட்டது. அதோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அன்றைக்கு நாம் அந்தப் பஸ்ஸில் இருந்திருக்கவே வாய்ப்புக் குறைவு. அப்போது இந்தியாவிலிருந்து குடியேற வருடத்துக்கு 100 பேருக்குத்தான் இடம். அந்த ஒதுக்கீட்டு முறையை மாற்றிய சட்டம் 1965இல் வந்தது, 1964 சிவில் உரிமைச் சட்டமும் 1965 ஓட்டுரிமைச் சட்டமும் வந்த அதே அலையில். ஜார்ஜியா கில்மோர் கிழங்கு வேகவைத்ததற்கும் உங்கள் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை கிடைத்ததற்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது.

அவள் இன்னும் விழித்திருந்தால் இந்திய விடுதலைப் போராட்டக்காரர் கமலாதேவி சட்டோபாத்யாயாவைச் சொல்லித் தூங்க வையுங்கள். 1941இல் அமெரிக்கத் தெற்கில் ரயிலில் போய்க்கொண்டிருந்தார், புடவை கட்டியிருந்தார். டிக்கெட் பரிசோதகர் வந்து இடம் மாறச் சொன்னார். மாட்டேன் என்றார். அவர் வெளிநாட்டுக்காரர் போலிருக்கிறதே என்று பரிசோதகருக்குச் சந்தேகம், எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அவர் அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த ஊராக இருந்தால் என்ன, நானும் நிறமுள்ளவள்தான், எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.